காஸ்டிக்கா, சிலிகேட்டா, சோடா ஆஷா? டர்பன் பிளாக் யார்டுகளுக்கு ஓர் அலசல்

போர்ட்லண்ட் சிமென்ட் (கடையில் வாங்கும் வழக்கமான சிமென்ட்) இல்லாமல் கான்கிரீட் பிளாக் போட முடியுமா என்று தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த வெருலம், டொங்காட் பக்கம் யார்டு நடத்தும் நம்மவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். சிமென்டுக்குப் பதில் போடும் தூளை இறுகவைக்க எந்த ஆக்டிவேட்டரை, அதாவது எந்தத் தூண்டு ரசாயனத்தைக் கலப்பது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

உலகக் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டிகளைச் சுடும் சூளை 1450 டிகிரியில் எரிகிறது என்பது ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல்லே உடைந்து கக்கும் வாயு அதைவிடப் பெரிய பங்கு. இந்நாட்டில் 2019 ஜூன் முதல் கார்பன் வரியும் உண்டு. மாற்றுச் சரக்கு இங்கேயே கிடக்கிறது: ம்புமலங்கா அனல்மின் நிலையங்களின் சாம்பலும், வாண்டர்பைல்பார்க் இரும்பு ஊதுலையின் கசடும். ஆனால் இரண்டும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் சிமென்ட் போல இறுகாது. அவற்றின் கண்ணாடித் தன்மையை உடைக்கக் காரம் வேண்டும். கசடில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் சாதாரண வெப்பத்திலேயே இறுகிவிடும். நம் சாம்பலில் அது குறைவு. அதனால் சாம்பலை மட்டும் நம்பினால் போட்ட பிளாக்கை 60 முதல் 80 டிகிரி வரை சூடேற்ற வேண்டிவரும். டர்பன் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அதற்குப் போதாது.

காஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தைத்தான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். வேலை செய்யும், சந்தேகமில்லை. 10 மோலார் கரைசல் என்றால் லிட்டருக்கு 400 கிராம் காஸ்டிக். வெள்ளை மணிகளைத் தண்ணீரில் போட்டதும் டிரம்மின் பக்கவாட்டில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. மேலே எழும் ஆவி தொண்டையைப் பிடிக்கும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறைக்குள் ஒரு சொட்டு போனால் முதலில் சோப்பு போல வழவழக்கும். தோலின் கொழுப்பே சோப்பாகிறது. எரிச்சல் தெரிவதற்குள் புண்ணாகியிருக்கும். தினக்கூலிக்கு வரும் பையன்கள் வெறுங்கையோடு கலவை அள்ளும் யார்டில் இதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காஸ்டிக் தயாரிக்க மின்சாரமும் நிறைய ஆகும். இந்நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில்தான் வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வலிமை மட்டும் போதுமென்றால் சோடியம் சிலிகேட்டுக்கு நிகரில்லை. ஆனால் மணலையும் சோடா ஆஷையும் (சோடியம் கார்பனேட்) ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கித்தான் அதைச் செய்கிறார்கள். சிமென்டைக் குறைத்து மிச்சப்படுத்திய கரியமில வாயுவில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். கசடோடு சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள்கூட இறுகிவிடும். மிக்சரைக் கழுவவே அவகாசம் இருக்காது. காயும்போது சுருக்க வெடிப்பும் அதிகம். அளவுக் கருவியும் மூடிய கூடமும் உள்ள ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்து விற்கும்) தொழிற்சாலைக்குப் பொருந்தும்.

நான் பரிந்துரைப்பது சோடா ஆஷ். பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் சுவா உப்பளத்தில் நிலத்தடி உப்புநீரிலிருந்து எடுக்கிறார்கள். காஸ்டிக் போலத் தோலைப் பொத்துவிடாது, ஆனாலும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். குறை என்னவென்றால் நிதானம். கார்பனேட் முதலில் கசடின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு தீர்ந்த பிறகே காரம் ஏறத் தொடங்கும். காலையில் அழுத்திய பிளாக்கில் மறுநாளும் கட்டைவிரல் பதியலாம். நீற்றிய சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்தால் உள்ளேயே காஸ்டிக் உருவாகி வேகம் கூடும், கையில் படாமலே. அச்சிலிருந்து உடனே வெளியே எடுத்து நிழலில் அடுக்கி வைக்கும் அழுத்து பிளாக்குக்கு இந்த நிதானம் பெரிய தடையும் இல்லை. ஸ்லாப் போடுபவருக்குத்தான் கஷ்டம்.

போர்ட்லண்டை முழுவதும் விட மனமில்லாதவர்களுக்கு சோடியம் சல்ஃபேட் இருக்கிறது. பாதி சிமென்ட், பாதி சாம்பல் அல்லது கசடு என்று வைத்து, மொத்தத் தூளில் 1 முதல் 4 சதவீதம் சேர்த்தால் முதல் சில நாள் வலிமை நன்றாக ஏறும். சாதாரண உப்பு போலக் கையாளலாம். கரியமில வாயு மிச்சம் சோடா ஆஷ் கலவை அளவுக்கு இருக்காது, ஆனாலும் நாளைக்கே தொடங்கலாம். கால்சியம் குளோரைடும் வேகம் தரும். கம்பி உள்ள எதிலும் அதைச் சேர்க்காதீர்கள். உப்புக் காற்றே இங்கே கம்பியைத் தின்றுகொண்டிருக்கிறது.

சோடியம் சேர்ந்த எல்லாவற்றிலும் வெள்ளைப் பூப்பு, அதாவது மேலே உப்புப் படிவு, வரலாம். கோவில் முற்றத்துக்குக் கறுப்பு நடைபாதைக் கல் கேட்டால், சில கற்களை மழையில் நனைத்து உலரவிட்டுப் பார்த்த பிறகே ஆர்டரை எடுங்கள். கேப் டவுன் பக்கம் யார்டு வைத்திருக்கும் உறவினர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்குள்ள மால்ம்ஸ்பரி ஹார்ன்ஃபெல்ஸ் என்ற பாறையின் ஜல்லி காரத்தோடு வினைபுரிந்து கான்கிரீட்டை வெடிக்கவைக்கும் என்று ஏற்கெனவே பெயர் எடுத்தது. காரம் கூட்டிய கலவையில் அதைச் சேர்ப்பதற்கு முன் ஆய்வகச் சோதனை கட்டாயம்.