அகராதியின் சி, யு குறிகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆங்கிலத்தில் எழுதும்போது 'மெனி'யா 'மச்'சா என்று தடுமாறுபவர்களுக்கு நான் கைகாட்டுவது இலக்கணப் புத்தகத்தை அல்ல, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட அகராதியை. அதில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யு என்று ஓர் எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணலாம், யு என்றால் எண்ண முடியாது. ஆங்கில ஆசிரியர் ஏ. எஸ். ஹார்ன்பியின் குழுவினர் 1942இல் ஜப்பானில் வெளியிட்ட அகராதியிலேயே இந்தப் பாகுபாடு உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதிகளில் பெரும்பாலும் இது இருக்காது, பார்த்து வாங்குங்கள்.

பல வருடங்களாக இந்தக் குறிகளை நம்பித்தான் எழுதுகிறேன். குத்துமதிப்பாகப் போடுகிற பழக்கம் போய்விட்டது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், லக்கேஜ் எல்லாமே யு. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக்கூடாதாம்! இதற்கெல்லாம் நியாயம் கேட்டுப் பயனில்லை. 'மெனி', 'எ ஃபியூ' இவற்றோடு ஒட்டாது; 'மச்', 'எ லிட்டில்' ஒட்டும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று சுற்றி வரவேண்டும்.

ஒரே சொல்லுக்கு இரண்டு குறியும் இருந்தால் அவசரப்படாமல் அர்த்தத்தைப் படிக்கவேண்டும். எக்ஸ்பீரியன்ஸ் என்பது வேலை செய்து சேர்த்த அனுபவம் என்றால் யு. நமக்கு நேர்ந்த ஒரு நிகழ்வு என்றால் சி. பேப்பரும் அப்படித்தான். எழுதுகிற தாள் யு, செய்தித்தாளும் ஆய்வுக் கட்டுரையும் சி.

இனி குறைகள். 'ஐ ஹேவ் மச் மணி' என்பதைக் குறி தடுக்காது. மணி யு தானே. ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. தனி 'மச்' பெரும்பாலும் கேள்வியிலும் மறுப்பிலும்தான் வரும், மற்ற இடத்தில் 'எ லாட் ஆஃப்'. 'ஃபியூவர்' சி-க்கு, 'லெஸ்' யு-க்கு என்று படித்திருப்போம். ஆனாலும் 'லெஸ் தேன் 10 கிலோமீட்டர்ஸ்' தான் இயல்பு, தூரத்தை மொத்த அளவாகப் பார்ப்பதால்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை 'ஃபியூ', 'எ ஃபியூ' விஷயத்தில். இரண்டுமே சி-யோடு வரும். 'எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றால் சில நண்பர்கள் உண்டு. அந்த 'எ' போய்விட்டால் நண்பர்கள் இல்லாத குறைதான் காதில் விழும். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதினால் பிழைதிருத்தும் மென்பொருள் உடனே கோடு போடும். இங்கே இரண்டும் இலக்கணப்படி சரி என்பதால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இதற்கு அதே அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பதுதான் வழி. அதற்கும் நேரமில்லாத நாளில் நான் 'சம்' போட்டுவிடுவேன், அது சி, யு இரண்டுக்கும் பொருந்தும்.