"மூணே வருஷத்துல வக்கீல்" என்று சொல்லித்தான் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்

பிள்ளையை இங்கிலாந்துக்குச் சட்டம் படிக்க அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதா? கன்சல்டன்சிக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் அங்கே நாலு வருஷம் படித்து, 2025 ஜூலையில் எல்.எல்.பி. பட்டத்தோடு திருச்சிக்குத் திரும்பினேன். இன்னும் என்னால் எந்த நீதிமன்றத்திலும் கருப்புக் கவுன் மாட்ட முடியாது.

2021-இல், பிளஸ் டூ தேர்வு நடக்காமலே மார்க் வந்த வருஷம் அது. ஒரு ஹோட்டல் ஹாலில் கன்சல்டன்சிக்காரர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். பிக் பென் படம் போட்ட பேனர், ஆளுக்கொரு ஃபைல், டீ, சமோசா. கவுன்சிலர் அப்பாவைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "இங்க அஞ்சு வருஷம் சார். அங்க மூணே வருஷம். முடிச்சுட்டு வந்தா பாப்பா நேரா ஹைகோர்ட்ல நிக்கலாம். காந்தி, நேரு எல்லாம் அங்க போய்த்தானே சார் வக்கீல் ஆனாங்க?" அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எடை போட்டுப் பார்க்காமல் ஒரு குடத்தைக்கூட வாங்க மாட்டார். காந்தி பேரைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் காந்தி கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். காந்தியும் நேருவும் வக்கீலானது பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தால் இல்லை. லண்டனில் பாரிஸ்டர்களை, அதாவது நீதிமன்றத்தில் நின்று வாதாடும் வக்கீல்களை, உருவாக்கும் நாலு பழைய சங்கங்கள் உண்டு. அதில் இன்னர் டெம்பிளில் சேர்ந்து, காந்தி 1891-லும் நேரு 1912-லும் பாரிஸ்டர் ஆனார்கள். நேரு கேம்பிரிட்ஜில் படித்தது இயற்கை அறிவியல். அப்படிப் பாரிஸ்டராகி வந்தால் இங்கே வழக்காடலாம் என்பதெல்லாம் அந்தக் காலம். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே இதற்குக் கெடு போட்டிருக்கிறது: 1976 டிசம்பர் 31-க்குள் பாரிஸ்டர் ஆனவர்களுக்குத்தான் அந்த வழி. கவுன்சிலர் விற்றது, என் அம்மாவே சின்னப் பெண்ணாக இருந்தபோது மூடிய கதவை.

முதல் ஏமாற்று பணத்தில். "ப்ராசஸிங்" என்று 40,000 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார்கள். அங்கே இளநிலைப் படிப்புக்கு யுகாஸ் என்ற பொது விண்ணப்பம் இருக்கிறது. ஐந்து இடங்களுக்கு நாமே போடலாம், அந்த வருஷம் மொத்தமாக மூவாயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது. எனக்கு ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் போட்டார்கள். சட்டப் படிப்புக்கான எல்நாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டாமா என்று கேட்டேன். "பரீட்சை இல்லாமலே சீட் வாங்கித் தரோம், எதுக்கும்மா டென்ஷன்?" என்றார். ஆக்ஸ்ஃபோர்ட், எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்), டரம் போன்ற இடங்களில் சட்டம் படிக்க அந்தத் தேர்வு வேண்டும். 95 நிமிஷத்தில் 42 கேள்வி, அப்புறம் 40 நிமிஷத்தில் ஒரு கட்டுரை. அந்தப் பெயர் எதுவும் அவர் ஃபைலிலேயே இல்லை. அவருக்கு எந்தப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறதோ அது மட்டும்தான் அந்த ஃபைலில் இருந்தது. நம்மிடம் வாங்கிய 40,000 அவருக்குக் கொசுறு. அசல் வருமானம் நாம் அங்கே கட்டும் கட்டணத்திலிருந்து போகும் பங்கு.

இரண்டாவது ஏமாற்றுதான் என் ஒரு வருஷத்தைத் தின்றது. நான் கேட்டது எல்.எல்.பி. வந்த கடிதத்தில் இருந்தது பி.ஏ. ஆனர்ஸ், சட்டமும் குற்றவியல் ஆய்வும். ஃபோன் செய்தேன். எழுத்தில் எதையும் அனுப்பாத அந்த ஆள், அன்றைக்கு ஏனோ வாட்ஸ்அப்பில் 23 செகண்ட் வாய்ஸ் நோட் அனுப்பினார்: "பேருதாம்மா வேற, உள்ள இருக்கிற சட்டம் எல்லாம் ஒண்ணுதான்." ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சட்டத்துக்கு பி.ஏ. பட்டம்தான் தருகின்றன, அவை முழுச் சட்டப் படிப்புகளே. அதனால் நானும் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு நம்பிவிட்டேன். அரைகுறைத் தேடல் பொய்யைவிட மோசம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகம் அது. பாடம் நடத்துவதில் குறை சொல்ல மாட்டேன். முதல் மாதமே ஒப்பந்தச் சட்டத்தில் கார்பாலிக் புகை உருண்டை வழக்கு. எங்கள் மருந்தை முறைப்படி பயன்படுத்தியும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருவோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் கொடுத்தது. கார்லில் என்ற அம்மாளுக்கு ஃப்ளூ வந்தது. அதெல்லாம் சும்மா விளம்பரப் பேச்சு என்று கம்பெனி வாதாடியது, நீதிமன்றம் ஏற்கவில்லை. வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று அதே விளம்பரத்தில் அச்சடித்திருந்தார்களே, பிறகு எப்படிச் சும்மா பேச்சாகும்? வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஹோட்டல் ஹால் பேனர் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அது நினைவுக்கு வந்தது 2023 பிப்ரவரியில். பாரிஸ்டர் ஆவது பற்றி ஒரு கூட்டம். பேசிய ஆசிரியை, ஏழு அடிப்படைப் பாடங்களையும் படித்த பட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக மாற்றுப் படிப்பு ஒன்று படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எங்கள் பாடக் கையேட்டை விரித்துக் காட்டச் சொன்னார். பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போனார். ஒப்பந்தம், டிக். குற்றவியல், டிக். அரசமைப்பு, டிக். நிலச் சட்டம் விருப்பப் பாடம், நான் எடுக்கவில்லை. ஈக்விட்டியும் டிரஸ்டும், அதாவது நியாய நெறிகளும் அறக்கட்டளைச் சட்டமும், எங்கள் படிப்பிலேயே கிடையாது. பென்சில் அங்கே நின்றுவிட்டது. "இதை உனக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

சொலிசிட்டராக, அதாவது ஆலோசனையும் ஆவண வேலையும் பார்க்கும் அந்த ஊர் வக்கீலாக, அப்படி இல்லை. 2021-இல் எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்த பிறகு, அதை எழுத எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் போதும், கூடவே இரண்டு வருஷ வேலை அனுபவம். ஆனால் நான் ஊருக்கு வந்து வழக்காட வேண்டும் என்று போனவள். இங்கே வக்கீல்களை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சில் முன்னால் போய் பாதிச் சட்டப் பட்டத்தை நீட்ட முடியாது. எல்.எல்.பி.க்கு மாற்றிக் கேட்டேன். செப்டம்பரில் இரண்டாம் வருஷத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தால் சரி என்றார்கள்.

அந்த ஒரு வருஷத்தின் விலை: கட்டணம் 15,000 பவுண்டு. நான் போனபோது பவுண்டு 100 ரூபாய் சுற்றி இருந்தது, கடைசி வருஷம் 110-ஐத் தாண்டியது. விசா புதுப்பிக்க ஊருக்கு வந்து விண்ணப்பித்தேன். விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய, மாணவர்களுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் நான் முதலில் போனபோது வருஷத்துக்கு 470 பவுண்டு, 2024 பிப்ரவரியிலிருந்து 776. கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்தது. மிச்சத்துக்கு அம்மாவின் வளையல்கள் போயின. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

சரி, நாலு வருஷம் ஆனாலும் முழு எல்.எல்.பி. வாங்கியாச்சே என்று வந்தால், மூன்றாவது ஏமாற்று இங்கே காத்திருந்தது. பிளஸ் டூ முடித்து நேராகப் போய் மூன்று வருஷ வெளிநாட்டுப் பட்டம் வாங்கியவர்கள், இந்தியாவில் இரண்டு வருஷ பிரிட்ஜ் கோர்ஸ் படித்து, தகுதித் தேர்வும் எழுத வேண்டும் என்றார்கள். ஆக எனக்கு மொத்தம் ஆறு வருஷம். என்னோடு பள்ளியில் படித்த தோழி திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்தாள், எனக்கு முன்னால் முடிக்கிறாள். அவள் நாலு வருஷமும் கட்டிய பீஸ் என் ஒரு மாத வாடகைக்கு வராது என்று அப்பா ஒருநாள் கணக்குப் போட்டார். நான் சரிபார்க்கவில்லை.

அங்கே படிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கேயே சொலிசிட்டராகி இருக்கப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஆனால் போவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கே நேராக மின்னஞ்சல் போடுங்கள், பட்டத்தின் முழுப் பெயரையும் மூன்று வருஷப் பாடப் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். இங்கே பதிவு செய்ய முடியுமா என்ற கேள்வியை பார் கவுன்சிலிடம் கேளுங்கள். இரண்டையும் கன்சல்டன்சி வழியாகக் கேட்காதீர்கள். எங்களுக்காக அந்தப் பதிலைச் சொன்னவர் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். அலுவலகம் மட்டும் அதே இடத்தில், அதே பேனரோடு இருக்கிறது.

பல்கலைக்கழகத்திடம் முறையிட்டேன். கடிதத்தில் பட்டத்தின் பெயர் தெளிவாக இருந்ததே என்று பதில் வந்தது. அது உண்மைதான். கன்சல்டன்சியிடம் போனால், அப்பா கையெழுத்துப் போட்ட தாளின் கடைசி வரியைக் காட்டினார்கள்: "இறுதி முடிவு மாணவருடையதே." மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும், விஷயம் தெரிந்த பிப்ரவரியிலிருந்து எண்ணினாலே கெடு தாண்டியிருந்தது. சட்டம் படித்தவள்தான், அங்கே உட்கார்ந்து காலக்கெடு பற்றிப் பரீட்சையே எழுதியிருக்கிறேன். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்து, அந்த 23 செகண்ட் வாய்ஸ் நோட்டை பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். மனு இன்னும் நம்பர் ஆகவில்லை, அதாவது வழக்காகப் பதிவாகவில்லை.