போபாலில் பழங்குடிக் கலையைக் காண மூன்று இடங்கள்: ஒரு நாளை எப்படிப் பங்கிடுவது?

போபாலில் பெரிய ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஷியாமளா குன்றுப் பகுதியில், பழங்குடி மக்களின் வாழ்வையும் கலையையும் காட்டும் மூன்று இடங்கள் அருகருகே உள்ளன. ஒரு நாள் மட்டுமே தங்கும் பயணிகள், மூன்றிலும் இருப்பது ஒன்றுதானே என்று எண்ணி ஒன்றோடு திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்பதால்தான் இந்த ஒப்பீடு.

முதலாவது, இந்திரா காந்தி ராஷ்ட்ரீய மானவ் சங்கிரஹாலயா, அதாவது தேசிய மனித அருங்காட்சியகம். 1977இல் டெல்லியில் தொடங்கப்பட்டு, 1979இல் போபாலுக்கு வந்த இந்த நிறுவனத்தின் வளாகம் ஏறத்தாழ 200 ஏக்கர். நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த சமூகத்தினரே வந்து, தங்கள் ஊர்ப் பொருள்களைக் கொண்டு, தங்கள் முறைப்படி கட்டிய வீடுகள் இங்கே திறந்த வெளியில் நிற்கின்றன. நீலகிரியின் தோடர் வீடும் அவற்றில் ஒன்று. பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற கூரை தரைவரை இறங்குகிறது; ஏறத்தாழ மூன்றடி உயரமே உள்ள வாசலில் முழந்தாளிட்டுத்தான் நுழைய முடியும். மலைக் குளிரையும் விலங்குகளையும் எண்ணிக் கட்டிய வீடு இது என்பதை அங்கே குனிகிறபோது நம் முதுகே உணர்ந்துகொள்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருள் எதுவும் இதைச் சொல்லிவிடாது. வளாகத்துக்குள்ளேயே தொல்பழங்கால ஓவியங்கள் உள்ள பாறை ஒதுங்கிடங்களும் இருக்கின்றன. குறை என்றால் நடைதான்: வெயில் ஏறிய பிறகு முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது கடினம்.

இரண்டாவது, 2013இல் திறக்கப்பட்ட மத்தியப் பிரதேசப் பழங்குடி அருங்காட்சியகம். இது ஒரு மாநிலத்தின் கோண்டு, பீல், பைகா, கோர்க்கு, பாரியா, சஹாரியா, கோல் மக்களையே மையமாகக் கொண்டது. பரப்பு சிறிதாக இருப்பதாலேயே ஆழம் கூடுகிறது. பழங்குடிக் கலைஞர்களே உருவாக்கிய கூடங்களில், வாய்மொழிக் கதைகள் ஆளுயரத்தையும் தாண்டிய வடிவங்களாக எழுந்து நிற்கின்றன. அண்ணன்மாரால் கொல்லப்பட்ட தங்கையிடமிருந்து மூங்கில் பிறந்தது என்னும் பாசின் கன்னியின் கதையை அறிந்த பிறகு, அங்குள்ள மூங்கில் கூடையைப் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை. மங்கிய ஒளியும் பேருருவங்களும் சில இடங்களில் நாடக மேடையை நினைவூட்டுகின்றன என்பது உண்மைதான். அன்றாட வாழ்வின் எளிமை அதில் சற்று மறைந்துவிடுகிறது. அதனால்தான் மானவ் சங்கிரஹாலயாவை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

சார்லஸ் கொரியா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட பாரத் பவன் என்னும் கலை மையம் மூன்றாவது. இங்குள்ள ரூபாங்கர் கலைக்கூடத்தை அமைத்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன், பழங்குடி ஓவியங்களை நவீன ஓவியங்களுக்குச் சமமாக ஒரே கூரையின் கீழ் வைத்தார். பட்டன்கர் கிராமத்துச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த கோண்டு ஓவியர் ஜங்கர் சிங் ஷியாம் போபாலுக்கு வந்ததும் அந்த முயற்சியால்தான். இந்தக் கட்டடம் எழுந்தபோது கூலி வேலை செய்தவர் பீல் பெண்ணான பூரி பாய். சுவாமிநாதன் கேட்டுக்கொண்டதால் வரையத் தொடங்கிய அவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தம் வாழ்க்கையையே வரைந்த சுவரோவியம் பழங்குடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டையும் பழக்கவழக்கங்களையும் அறிய வருபவருக்கு பாரத் பவனில் கிடைப்பது குறைவே. ஆனால், பழங்குடிக் கலை என்றாலே பெயரற்ற கூட்டுப் படைப்பு என்று நினைப்பவர்கள் கட்டாயம் இங்கே வர வேண்டும்.

காலையில் மானவ் சங்கிரஹாலயாவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பழங்குடி அருங்காட்சியகம் நண்பகலில்தான் திறக்கும் என்பதால், வெயில் நேரத்தை அதன் கூடங்களுக்குள் கழித்துவிட்டு, மாலையில் பாரத் பவனுக்குச் செல்லலாம். அரை நாள்தான் உண்டு என்றால் என் தேர்வு, தயக்கமின்றி, பழங்குடி அருங்காட்சியகமே. திங்கட்கிழமைகளில் மூன்றுக்குமே விடுமுறை. ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போதே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.