ஒரே சுவர், நாலு கணக்கு: செங்கல் எண்ணிக்கையில் யார் சொல்வதை நம்புவது?

பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது இஞ்ச் கனம். கதவு, ஜன்னல் எதுவும் இல்லாத மொட்டைச் சுவர். எத்தனை செங்கல் வேண்டும்?

கொத்தனார் யோசிக்காமல் 1000 என்பார். சிவில் டிப்ளமோ முடித்த பையன் கன மீட்டருக்கு 500 கல் என்ற பாடப்புத்தகக் கணக்கைப் போட்டு 1062 என்பான். போனில் கன அளவு கால்குலேட்டரைத் தட்டினால் 868 வரும். சுவரின் முகத்தை மட்டும் அளந்து கணக்குப் போட்டால் 911. மிகக் குறைந்த கணக்குக்கும் மிகக் கூடிய கணக்குக்கும் நடுவே கிட்டத்தட்ட 200 கல். ஒரு முழு வீட்டுக்கு இந்த வித்தியாசம் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சண்டைக்கு ஒரு பொதுக் கல் வேண்டும். சேம்பர் செங்கல் (அறை அறையாகக் கட்டிய சூளையில் சுட்டது), 230 × 110 × 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கலவை இடைவெளி 10 மில்லிமீட்டர்.

முதலில் புத்தகக் கணக்கை ஒதுக்கிவிடலாம். ஒரு கன மீட்டருக்கு 500 கல் என்பது தப்பான எண் இல்லை. அது வேறு கல்லுக்கான எண், அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077 சொல்லும் மாடுலர் செங்கல் 190 × 90 × 90. கலவையோடு சேர்த்தால் 200 × 100 × 100. அப்படிப்பட்ட கல் ஒரு கன மீட்டரில் சரியாக 500 அடங்கும். பரீட்சைக்கு அழகான கணக்கு. ஆனால் நம் ஊர்ச் சூளைகளில் அந்த அளவுக் கல்லைப் பார்ப்பதே அபூர்வம். நாம் வாங்கும் சேம்பர் கல்லுக்குக் கன மீட்டருக்கு சுமார் 408தான் வரும். 500 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஆர்டர் போட்டால், வேலை முடிந்த பிறகும் வாசலில் ஒரு குவியல் கிடக்கும்.

அப்படியானால் 408ஐ வைத்துப் பெருக்கினால் சரியாகிவிடுமா? கால்குலேட்டர் செய்வது அதைத்தான். சுவரின் கன அளவு 75 கன அடி, அதாவது 2.124 கன மீட்டர். அதற்கு 868 கல். ஆனால் இதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது.

கன அளவுக் கணக்கில் ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று பக்கமும் 10 மில்லிமீட்டர் கலவை சேர்க்கிறோம். நீளத்தில் 240, உயரத்தில் 85, அகலத்தில் 120. நீளத்துக்கும் உயரத்துக்கும் சரி, அடுத்த கல் வருகிறது, நடுவில் கலவை இருக்கிறது. அகலத்தில்தான் கோளாறு. ஒன்பது இஞ்ச் சுவரில் அகலவாக்கில் இரண்டே கல். நடுவில் ஒரே ஒரு கலவைப் பட்டை. 110, 10, 110 என்று 230 மில்லிமீட்டரில் சுவர் முடிந்துவிடுகிறது. கால்குலேட்டரோ இரண்டு கல்லுக்கும் 120 வீதம் 240 கேட்கிறது. சுவரின் வெளிமுகத்தில் இல்லாத ஒரு கலவைப் பட்டையை அது எண்ணிக்கொள்கிறது. அந்த அளவுக்குக் கல் குறைகிறது. நாலரை இஞ்ச் பார்ட்டிஷன் சுவரிலும் இதே கதை. அதே நூறு சதுர அடிக்குக் கன அளவில் 434 வரும், உண்மையில் 455 கல் பிடிக்கும். பூச்சுக் கலவையை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கல் கட்டி முடித்த பிறகு வருவது.

அதனால்தான் எனக்கு முகக் கணக்குப் பிடிக்கும். கல்லின் நீள முகம் கலவையோடு 240 × 85 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 49 கல். ஒன்பது இஞ்ச் என்றால் இரண்டு அடுக்கு, 98 கல். சதுர அடிக்கு மாற்றினால் 9.1, நாலரை இஞ்ச்சுக்கு அதில் பாதி. நூறு சதுர அடிக்கு 911. கனம் என்ற எண்ணே இதில் வருவதில்லை, அதனால் அந்த ஓட்டையும் இல்லை.

சந்தேகம் இருந்தால் வரி, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கல் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பத்தடி உயரம் 3048 மில்லிமீட்டர், ஒரு வரி 85, ஆக 36 வரி. நீளவாட்டில் ஒரு வரியில் முகத்துக்கு 12.7 கல், இரண்டு முகத்துக்கும் 25.4. குறுக்குவாட்டில் போட்டால் ஒரு கல் 120 மில்லிமீட்டர் எடுக்கும், அப்போதும் அதே 25.4. 36ஆல் பெருக்கினால் 914. முகக் கணக்கோடு மூன்று கல்தான் வித்தியாசம், அதுவும் கடைசி வரியை முழுதாக எண்ணியதால் வந்தது.

இனி கொத்தனாரின் 1000. சதுர அடிக்கு பத்துக் கல், பாதிச் சுவர் என்றால் ஐந்து. காகிதத்தில் பார்த்தால் ஒன்பது சதவீதத்துக்கு மேல் அதிகம். ஆனால் அதை அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். நாட்டுச் செங்கலை எடுத்து அளந்து பாருங்கள். 220 × 105 × 70 என்று கொஞ்சம் குட்டையாக இருந்தால், முகக் கணக்கிலேயே நூறு சதுர அடிக்கு 1010 வந்துவிடும். நீளத்தில் ஒரு சென்டிமீட்டர், உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்ததற்கு நூறு கல் கூடிவிட்டது. நாட்டுக் கல்லுக்கு அவர் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. சேம்பர் கல்லுக்கு அதையே சொல்லும்போது உடைசலும் சேர்ந்தே உள்ளே இருக்கிறது. வீட்டுக்காரர் செய்யும் தப்பு, அந்த ஆயிரத்தை வாங்கி அதன் மேல் இன்னொரு ஐந்து சதவீதம் சேதாரம் போடுவதுதான். 911 மேல் ஐந்து சதவீதம் என்றால் 957. ஆயிரத்தின் மேல் போட்டால் 1050.

ஆக, எந்தக் கணக்கானாலும் கல்லை அளக்காமல் தொடங்கக் கூடாது. ஒரு கல்லை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். சூளையில் ஒன்று முறுகும், ஒன்று சுருங்கும். ஐ.எஸ். 1077லேயே 20 கல்லை வரிசையாக அடுக்கி மொத்தமாகத்தான் அளக்கச் சொல்கிறார்கள். லோடு வந்ததும் பத்து நிமிஷ வேலை. 20 சேம்பர் கல் நீளவாட்டில் 4600 மில்லிமீட்டர் வரவேண்டும். 4400தான் வருகிறது என்றால் நீங்கள் வாங்கியது வேறு கல். ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல் அச்சில் அழுத்தி வருவதால் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. முகக் கணக்கு அதற்கு இன்னும் நெருக்கமாக ஒத்துவரும். 400 × 200 முகம் உள்ள சாலிட் பிளாக் என்றால் தலைவலியே இல்லை, நூறு சதுர அடிக்கு 108.

கலவைக் கனமும் எண்ணிக்கையை அசைக்கும். விதிப்படி 10 மில்லிமீட்டர் என்றாலும், கல் கோணலாக இருந்தால் கொத்தனார் கலவையை ஏற்றித்தான் மட்டம் பிடிப்பார். இடைவெளி எல்லாம் 15 ஆகிவிட்டால் 911 கல் 843 ஆகும். கல் மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம், அந்த இடத்தை நிரப்புவது சிமென்ட்.

இவ்வளவு நுணுக்கமாகக் கல்லை எண்ணிவிட்டு மூலையில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. நாலு சுவருக்கும் வெளி அளவை எடுத்துக் கூட்டினால் நாலு மூலையும் இரண்டு தடவை கணக்கில் ஏறும். பத்தடி உயர அறையில் அது 30 சதுர அடி, 273 கல். இரண்டு சுவருக்கு வெளி அளவு, மற்ற இரண்டுக்கு உள் அளவு எடுத்தால் தீர்ந்தது. கதவு, ஜன்னலைக் கழிப்பது எல்லோருக்கும் தெரியும். 3 × 7 கதவும் 4 × 4 ஜன்னலும் சேர்ந்தால் 337 கல் குறையும். ஆனால் ஓரங்களில் அரைக்கல், கால் கல் உடைக்க வேண்டியிருப்பதால் ஓட்டை நிறைய உள்ள சுவருக்கு சேதாரத்தை ஏழெட்டு சதவீதமாகவே வைத்துக்கொள்ளலாம். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட்டைக் கழிக்க மறந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

சின்னக் காம்பவுண்டுச் சுவர் என்றால் கொத்தனார் சொன்னதையே வாங்கிவிடுங்கள். மிச்சமாகும் கல் படிக்கட்டுக்கோ செப்டிக் டேங்குக்கோ போய்விடும். வீடு என்றால் முகக் கணக்கு, மேலே ஐந்து சதவீதம். அதையும் ஒரே தடவையில் இறக்க வேண்டாம். முக்கால்வாசியை முதலில் இறக்கி, லிண்டல் மட்டம் வந்ததும் கையிருப்பை எண்ணிப் பார்த்து மீதியைச் சொல்லுங்கள். கடைசி லோடும் அதே சூளையிலிருந்து வரட்டும். வேறு சூளைக் கல் என்றால் உயரம் மாறி வரி பிசகும், அதைச் சரிக்கட்ட மறுபடியும் கலவையைத்தான் ஏற்றுவார்கள்.