சிஎம்சியா, எச்பிஎம்சியா: பட்டிக்கும் பசைக்கும் எது?

அம்பத்தூர்ப் பக்கம் டைல் பசையும் சுவர்ப் பட்டியும் கலந்து விற்கும் சிறு ஆலைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: விலை குறைந்த சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) இருக்கும்போது எச்பிஎம்சிக்கு (ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில்செல்லுலோஸ்) ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? இரண்டும் தண்ணீரில் கரைந்து அதைக் கெட்டியாக்கும் தூள்கள்.

இரண்டுக்கும் தாய்ப்பொருள், மரக்கூழிலிருந்தோ பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தோ கிடைக்கும் செல்லுலோஸ்தான். அதன் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருந்தும், சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் அது தண்ணீரில் கரைவதில்லை. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வரை வழி ஒன்றே. அதன்பின் மோனோகுளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தால் சிஎம்சி. மெத்தில் குளோரைடையும் புரோப்பிலீன் ஆக்சைடையும் அழுத்தக் கலனில் செலுத்தினால் எச்பிஎம்சி. எளிதில் தீப்பற்றும் இவ்விரண்டையும் அடக்கிக் கையாள வேண்டியிருப்பதும் விலை கூடுவதற்கு ஒரு காரணம்.

வேறுபாட்டைக் காண ஆய்வகம் தேவையில்லை; இரண்டு டம்ளர் போதும். சிஎம்சி கரைசலில் படிகார நீரை விட்டால், எதிர்மின்சுமை கொண்ட அதன் சங்கிலிகளை அலுமினியம் பிணைத்துவிட, கரைசல் கட்டிகட்டியாகத் திரிகிறது. மின்சுமையற்ற எச்பிஎம்சி அதற்கு அசைவதில்லை. ஆனால் கொதிநீரில் அந்த டம்ளரை வைத்தால் வெளுத்து உறைந்து, ஆறியதும் மீண்டும் தெளிகிறது.

சிமெண்டில் படிகாரத்தின் வேலையைக் கால்சியம் செய்கிறது. அங்கே சிஎம்சியை நம்புவது, என் கணிப்பில், வீண் சிக்கனம். கத்திரி வெயிலில் காய்ந்த சுவர் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் சிமெண்ட் முழுமையாக இறுகாது, பிறகு டைலைத் தட்டினால் வெற்றொலிதான் கேட்கும். எடையில் 0.2 முதல் 0.5 சதவீதம் வரை சேர்க்கும் எச்பிஎம்சி அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கிறது.

சலவைத்தூளில் கதை தலைகீழ். வெளியேறிய அழுக்கு பருத்தித் துணியில் மீண்டும் படியாமல் தடுக்கச் சிஎம்சியே போதும்; அதற்கு, தயாரிப்பில் சேரும் உப்பை நீக்காத மலிவான தரமும் உதவும். ஐஸ்கிரீமுக்கு வாங்குவோர் மட்டும் சுத்திகரித்த தரத்தையே கேட்க வேண்டும்.

எச்பிஎம்சியிடமும் ஒரு வம்பு உண்டு: மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த நீரை மத்தியானத்தில் ஊற்றிக் கலந்தால் அது மந்தமாகவே கரையும். தூள் சரியில்லை என்று கொத்தனார் மூட்டையைத் திருப்பி அனுப்புவதற்கு முன், நிழலில் வைத்த வாளித் தண்ணீரில் ஒருமுறை கலந்து பார்க்கச் சொல்லலாம்.