அரசுப் பல்கலைக்கழகப் பட்டம்: பல வருஷம் பயன்படுத்திய பிறகு எழுதுவது

அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்து, வேலைக்குப் போய், இப்போது ஆள் எடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்கிற இடத்துக்கும் வந்தாயிற்று. "அங்கே சேரலாமா, பெயர் இருக்கா?" என்று கேட்பவர்களுக்கு மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பெயர் உதவும், ஆனால் முதல் வேலைக்கும் மேற்படிப்பு விண்ணப்பத்துக்கும்தான். இரண்டாவது வேலைக்குப் போனபோது எங்கே படித்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, முந்தைய இடத்தில் என்ன செய்தாய் என்றுதான் குடைந்தார்கள். நானும் அப்படித்தான். புதிதாக முடித்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தால் கண் தானாகப் பல்கலைக்கழகப் பெயருக்குப் போகும், அனுபவசாலி என்றால் அந்த வரியைப் படிப்பதுகூட இல்லை.

சரி, அந்தப் பெயரை எதை வைத்து முடிவு செய்கிறோம்? பெரும்பாலும் தரவரிசைதான். 2003-இல் சீனாவில் தொடங்கிய ஷாங்காய் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் நோபல் பரிசோ, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கிய ஆசிரியர்களுக்கு 20 சதவீதம், அவற்றை வாங்கிய முன்னாள் மாணவர்களுக்கு 10, நேச்சர், சயன்ஸ் என்ற அறிவியல் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20. முதலாம் ஆண்டில் உங்களுக்குக் கணக்கு நடத்தப்போவது யார் என்பதற்கு அதில் இடமே இல்லை. பிரிட்டனின் கியூஎஸ் நிறுவனம் வெளியிடும் பட்டியலிலோ, மற்ற கல்வியாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்புக்கே நெடுங்காலம் 40 சதவீதம் இருந்தது, 2024 பட்டியலில்தான் அதை 30 ஆக்கினார்கள். ஏற்கெனவே பெயர் இருக்கிறவனுக்கு மேலும் பெயர், அவ்வளவுதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் இன்னொரு உலகப் பட்டியலான டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசைக்குத் தரவு தருவதையே 2023-இல் நிறுத்திவிட்டது, அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகமும் விலகுவதாக அறிவித்தது. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான்.

என்னைக் கேட்டால் துறையைப் பாருங்கள். எங்கள் கட்டடத்தின் மேல் தளத்தில் இருந்த துறையில் இருட்டிய பிறகும் ஆய்வகத்தில் ஆள் இருக்கும், பேராசிரியரே வந்து பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். கீழே எங்கள் ஆய்வகத்தில் மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்புகள் வரிசையாக இருக்கும், பலவற்றின் மேல் "பழுது" என்று மஞ்சளேறிய சீட்டு ஒட்டியிருக்கும், ஓடுகிற ஒன்றைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்போம், ஒருத்தர் குமிழைத் திருக மற்றவர்கள் எட்டிப் பார்த்து அளவை எழுதிக்கொள்வோம். பட்டத்தில் இரண்டு துறைக்கும் ஒரே முத்திரை! அதனால் இணையதளத்துப் படங்களை விட்டுவிட்டு, இறுதியாண்டு படிக்கிற ஒருவரைப் பிடித்து, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், போன செமஸ்டரில் எத்தனை வகுப்பு நடக்கவில்லை, ரிசல்ட் எப்போது வந்தது என்று கேளுங்கள்.

அப்புறம் அலுவலகம். சேரும்போது யாரும் யோசிக்காத விஷயம் இது. பட்டம் வாங்கிப் பல வருஷம் கழித்து ஒரு நிறுவனம் சான்றிதழைச் சரிபார்க்கக் கேட்டது, மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை, கடைசியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரே ஒரு எழுத்தர். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லாப் பாடங்களின் மதிப்பெண் பட்டியலை, படிப்பு முடிகிற கையோடு சில பிரதிகள் கூடுதலாக, உறையிட்டு முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொல்லியும் நான் அதை நல்ல பேரம் என்றே சொல்வேன், காரணம் கட்டணம். முதல் வேலையில் என்னோடு சேர்ந்தவர் கடன் வாங்கித் தனியாரில் படித்தவர், இருவருக்கும் ஒரே சம்பளம், வேலை இருவருக்குமே பிடிக்கவில்லை. நான் விட்டுவிட்டு வேறு இடம் தேடினேன், அவர் தவணை முடியும்வரை அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் நீங்கள் படிக்கப்போகும் பாடத்துக்கு இரண்டு இடத்திலும் கட்டண வித்தியாசம் சொற்பம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது துறை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே சேருங்கள்.