பெரம்பூர் வாடகை நூலகமும் சூ என்லாய் நூல்களும்

பெரம்பூரில் ஒரு மாடியறையில் இயங்கும் இந்தச் சிறு வாடகை நூலகத்தில் நாவல்களைவிட அரசியல் வரலாற்று நூல்களே அதிகக் கவனத்துடன் சேர்க்கப்பட்டுள்ளன. சீன மக்கள் குடியரசின் முதல் பிரதமர் சூ என்லாய்க்கென்று ஒரு தட்டையே ஒதுக்கியிருக்கிறார்கள். 1956இல் சென்னைக்கு வந்த அவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பார்வையிட்டார் என்பதால், அந்தத் தட்டு இங்கே இருப்பது பொருத்தமே.

1949 முதல் 1976 ஜனவரியில் மறையும்வரை பிரதமராகவும், 1958 வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவரின் அரசுமுறைப் பணிகளை இங்குள்ள நூல்களைக் கொண்டே நன்றாகத் தொடர முடிகிறது. இந்தியாவும் சீனாவும் ஏற்ற ஐந்து அமைதிக் கோட்பாடுகளான 1954இன் பஞ்சசீலம், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955இன் பாண்டுங் மாநாடு, இந்திய-சீன எல்லைச் சிக்கலைத் தீர்க்காமலே முடிந்த 1960 தில்லிப் பேச்சுவார்த்தை, 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் பீஜிங் பயணம் ஆகியவை விரிவாகவே கிடைக்கின்றன. சீனத் தலைவர் மாவோ 1966இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சிக் காலத்துக்குத்தான் தட்டு மெலிந்துவிடுகிறது. அதிகாரிகள் சிலரையும் பழம்பெரும் சின்னங்களையும் அவர் காத்ததைப் புகழும் நூல்கள் இருக்கின்றன. அதே ஆண்டுகளில் மாவோவின் களையெடுப்புக்கு அவர் உடன்பட்டு நின்றதைக் கேள்விக்குட்படுத்தும் நூல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு நீண்ட காலம் பதவியில் நிலைத்தவரைப் பற்றிப் படிக்க வருபவருக்கு இது சிறிய குறையன்று.

வாடகை நியாயமானது, முன்பணத்தையும் தயங்காமல் திருப்பித் தருகிறார்கள். அட்டை கிழிந்த பழைய பதிப்புகளைத் தைத்து வைத்தால் நல்லது.